எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாதே, அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நாலாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, மணிக்கட்டில் அடிபட்டு, எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கையின் மேல் சதுரமாக விழுந்த வெளிச்சத்தைக் காட்டி "இதுதான் எக்ஸ்ரேயா?" என்று அவள் கேட்க, படம் எடுத்த அண்ணன், "இது சும்மா லைட்டு பாப்பா, கை சரியான இடத்துல இருக்கான்னு பார்க்க. எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவள் உங்களிடம் கேட்டது இது: "கண்ணுக்கே தெரியாதுன்னா, அது இருக்குன்னு மொதல்ல எப்படித் தெரிஞ்சுது?" நீங்கள் "ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி தற்செயலாகக் கண்டுபிடித்தார்" என்று சொல்ல, "தற்செயலான்னா எப்படி?" என்று விடாமல் நச்சரித்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

அவள் நச்சரித்தது சரிதான். இந்தக் கதையில் தற்செயல் என்று சொல்லக்கூடியது ஒரு நொடி. அதற்குப் பிறகு ஏழு வாரம் இருக்கிறது. கண்டுபிடிப்பு நடந்தது அந்த ஏழு வாரத்தில். நாம் அந்த ஒரு நொடியைச் சொல்லிவிட்டு ஏழு வாரத்தை விட்டுவிடுகிறோம், அதனால்தான் குழந்தைகளுக்கு அது மந்திரம் மாதிரி தோன்றுகிறது. பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் இதில் எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு.

கேள்வி அவளுடையது, அதனால் பதிலையும் அவளுக்கே சொல்கிறேன். பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். நடுவில் உங்களுக்கென்று கொஞ்சம் வரும், அதை நீங்கள் மட்டும் படித்தால் போதும்.

பாப்பா, ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தில் 1895-ல் வில்லெம் கான்ராட் ராண்ட்ஜன் என்பவர் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். வயது 50. பெரிய தாடி. அதிகம் பேசமாட்டார். ஆராய்ச்சிக்கூடமும் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கீழே வேலை, மாடியில் குடித்தனம். ஆராய்ச்சிக்கூடத்தில் தனியாக வேலை செய்வதுதான் அவருக்குப் பிடிக்கும்.

அந்தக் காலத்து விஞ்ஞானிகள் பலரிடம் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதற்குள் இரண்டு உலோகத் துண்டுகள் பதிந்திருக்கும். உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து அநேகமாக முழுவதும் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த இரண்டு உலோகத் துண்டுகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் கொடுத்தால், ஒரு துண்டிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய் எதிர்ப்பக்கக் கண்ணாடியில் மோதும். மோதிய இடம் பச்சையாக மின்னும். கிளம்பிப் போவதற்குக் கேதோடு கதிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எலக்ட்ரான் என்னும் துகள்களின் ஓட்டம் என்று இன்று நமக்குத் தெரியும். ராண்ட்ஜனுக்குத் தெரியாது. அதை ஜே. ஜே. தாம்சன் நிரூபித்தது 1897-ல், இன்னும் இரண்டு வருடம் கழித்து.

அந்தக் கேதோடு கதிரைப் பற்றித்தான் ராண்ட்ஜன் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் லெனார்ட் என்ற விஞ்ஞானி, குழாயில் மெல்லிய அலுமினியத் தகட்டால் ஒரு சன்னல் வைத்து, அந்தக் கதிரை வெளியே வரவழைத்துக் காட்டியிருந்தார். வெளியே வந்தாலும் அது காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும், அதற்குள் தீர்ந்துவிடும். இந்தச் 'சில சென்டிமீட்டர்' என்பதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள். கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும்.

1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. மாலை நேரம். ராண்ட்ஜன் குழாயைக் கருப்பு அட்டையால் இடைவெளி இல்லாமல் மூடினார். அறையை இருட்டாக்கினார். குழாயின் பச்சை வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட வெளியே வரவில்லை. மின்சாரத்தைக் கொடுத்தார்.

கொஞ்ச தூரத்தில், மேசை மேல் ஒரு காகிதம் கிடந்தது. பேரியம் பிளாட்டினோசயனைடு என்ற உப்பைப் பூசிய காகிதம். புற ஊதாக் கதிர் மாதிரி சில கதிர்கள் பட்டால் அந்த உப்பு ஒளிரும், அதனால் அதை ஆராய்ச்சிக்கூடங்களில் வைத்திருப்பார்கள். அந்தக் காகிதம் இருட்டில் மின்னியது. மின்சாரத்தை நிறுத்தினார், அணைந்தது. மறுபடியும் கொடுத்தார், மின்னியது.

தற்செயல் அவ்வளவுதான். காகிதம் அங்கே கிடந்தது, அவர் அதைக் கவனித்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்து. நீ அந்த அறையில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாய்? குழாயிலிருந்து வெளிச்சம் கசிந்திருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் கசியவில்லை என்று இப்போதுதான் இருட்டில் பார்த்தார். சரி, கேதோடு கதிர் வெளியே வந்து அடித்திருக்கும் என்று நினைக்கலாம். அந்தச் 'சில சென்டிமீட்டர்' இங்கேதான் வருகிறது. அவர் காகிதத்தைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். குழாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தபோதும் அது ஒளிர்ந்தது. நீ கையை நீட்டினாலும் தொடமுடியாத தூரம். கேதோடு கதிரால் அவ்வளவு தூரம் போகவே முடியாது. அப்படியென்றால் கருப்பு அட்டையைத் துளைத்துக்கொண்டு வேறு ஏதோ ஒன்று வருகிறது. அதைக் கண் பார்க்கவில்லை, காகிதம் பார்க்கிறது.

உன் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது. ராண்ட்ஜனும் அந்தக் கதிரைப் பார்க்கவில்லை. அது இன்னொரு பொருளை என்ன செய்கிறது என்று பார்த்தார்.

சில மாதம் கழித்து ஒரு பத்திரிகையாளர் அவரைப் பேட்டி காண வந்தார். "அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டார். ராண்ட்ஜன் சொன்ன பதில்: "நான் நினைக்கவில்லை. ஆராய்ந்தேன்."

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் கதிர் ராண்ட்ஜனின் அறையில் மட்டும் பிறக்கவில்லை. அந்த மாதிரிக் குழாய் இருந்த எத்தனையோ அறைகளில் அது பல வருடமாக யாருக்கும் தெரியாமல் பாய்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் குரூக்ஸ் என்ற விஞ்ஞானி அந்தக் குழாய்களைச் செய்து பழகியவர். அவர் பக்கத்தில் வைத்திருந்த ஒளிப்படத் தகடுகள் (படம் பதியும் கண்ணாடித் தகடுகள்) பிரிக்காமலேயே புகைபடிந்த மாதிரி கெட்டுப்போயின. தகடு சரியில்லை என்றே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1890-ல், குட்ஸ்பீட் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு தகட்டில் வட்டமாக இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. தகட்டின் மேல் கிடந்த நாணயங்களின் நிழல் அது. அவருக்குக் காரணம் புரியவில்லை, எடுத்து வைத்துவிட்டார். ராண்ட்ஜனின் செய்தி வந்த பிறகுதான் அதைத் தேடி எடுத்துப் பார்த்தார். நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று அவர் உரிமை கோரவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆக, தற்செயல் எல்லோருக்கும் நடந்தது. ராண்ட்ஜன் ஒருவர்தான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்த ஏழு வாரமும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு, தூக்கம் எல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே. "நான் செய்வதை ஆட்கள் தெரிந்துகொண்டால், ராண்ட்ஜனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள்" என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பின்னால் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

என்ன செய்தார்? குழாய்க்கும் காகிதத்துக்கும் நடுவே கையில் கிடைத்த பொருளையெல்லாம் வைத்துப் பார்த்தார். ஆயிரம் பக்கப் புத்தகம் ஒன்றை வைத்தார். அதற்குப் பின்னாலும் காகிதம் நன்றாக ஒளிர்ந்தது. இரண்டு கட்டுச் சீட்டை வைத்தார், ஒளிர்ந்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பலகையை வைத்தார். கதிர் கொஞ்சம்தான் குறைந்தது. அலுமினியத்தை 15 மில்லிமீட்டர் கனத்துக்கு வைத்தபோது நன்றாகக் குறைந்தது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. ஈயத்தை வைத்தார். வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான், கதிர் அநேகமாக நின்றே போயிற்று. கண்ணாடியில்கூட வித்தியாசம் பார்த்தார். ஈயம் கலந்த கண்ணாடி நிறையத் தடுத்தது, ஈயம் கலக்காதது அவ்வளவு தடுக்கவில்லை.

அப்புறம் காந்தம். கேதோடு கதிர் காந்தத்தைக் கொண்டுபோனால் வளையும். இது வளையவில்லை. ஆக, இது கேதோடு கதிர் இல்லை என்பது உறுதி. ஆனால் குழாய்க்கு உள்ளே இருக்கும் கேதோடு கதிரைக் காந்தத்தால் திருப்பி, கண்ணாடியில் வேறு இடத்தில் மோதவைத்தபோது, புதுக் கதிர் கிளம்பும் இடமும் கூடவே நகர்ந்தது. எவ்வளவு அழகான சோதனை பார்! கேதோடு கதிர் எங்கே போய் மோதுகிறதோ அங்கேதான் இந்தப் புதுக் கதிர் பிறக்கிறது என்று இதிலிருந்து தெரிந்துகொண்டார்.

முப்பட்டகம் வைத்து வளைகிறதா என்று பார்த்தார். கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்புவதுபோல் திருப்பமுடிகிறதா என்று பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. தன் கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் சோதித்தார், தெரியவில்லை. பேர் தெரியாத எண்ணுக்குக் கணக்கில் எக்ஸ் என்று போடுவோமே, அதே மாதிரி இதற்கு எக்ஸ் கதிர் என்று தற்காலிகமாகப் பெயர் வைத்தார். இன்றுவரை அதுவே நிலைத்துவிட்டது.

இந்தச் சோதனைகளின்போது ஒரு கட்டத்தில் தன் கையையே குறுக்கே நீட்டினார். உப்புப் பூசிய அந்தக் காகிதத் திரையில் கையின் நிழல் விழுந்தது. அதற்குள், இன்னும் கருப்பாக, எலும்புகளின் நிழல். உயிரோடு இருக்கும், விரலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு கையின் எலும்பை அதற்கு முன்னால் உலகத்தில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பேன். ராண்ட்ஜன் அடுத்த சோதனைக்குப் போனார். தன் கண்ணையே அவர் நம்பத் தயாராக இல்லை. அதனால் திரையை எடுத்துவிட்டு ஒளிப்படத் தகட்டை வைத்தார். தகட்டில் பதிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? மூடிய மரப்பெட்டிக்குள் எடைக்கற்களை வைத்து, பெட்டியைத் திறக்காமலே கற்களைப் படம்பிடித்தார். உலோகப் பெட்டிக்குள் இருக்கும் திசைகாட்டியின் முள்ளைப் படம்பிடித்தார். பின்னாளில் தன் வேட்டைத் துப்பாக்கியைப் படம்பிடித்து, குழலுக்குள் இருந்த குறையைக்கூடப் பார்த்தார்.

டிசம்பர் 22-ம் தேதி மனைவி அன்னா பெர்த்தாவைக் கீழே கூப்பிட்டார். தகட்டின் மேல் கையை வைக்கச் சொன்னார். ஏறக்குறைய 15 நிமிடம் கையை ஆடாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது. உனக்கு எக்ஸ்ரே எடுத்தபோது "ஆடாதே" என்று சொல்லிவிட்டு ஒரு நொடிக்குள் முடித்திருப்பார்கள். அவருக்குக் கால் மணி நேரம்! கழுவி எடுத்த படத்தில் விரல் எலும்புகள் தெரிந்தன. மோதிர விரலில், சதை எதையும் தொடாமல் அந்தரத்தில் மாட்டியதுபோல், மோதிரம் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. தன் சாவையே பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொன்னதாகச் சொல்வார்கள். எலும்புக்கூட்டை மண்ணுக்குள் மட்டுமே பார்த்துப் பழகிய காலம் அது, பயந்ததில் வியப்பில்லை.

டிசம்பர் 28-ம் தேதி தன் கட்டுரையை வூர்ட்ஸ்பர்க் அறிவியல் சங்கத்தில் கொடுத்தார். பத்துப் பக்க அளவுதான். 'ஒரு புதுவகைக் கதிர்களைப் பற்றி' என்பது தலைப்பு. 1896 ஜனவரி முதல் தேதி, கட்டுரையின் பிரதிகளையும் படங்களையும் உறையில் போட்டு, தெரிந்த விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ஐந்தாம் தேதி வியன்னா செய்தித்தாளில் வந்துவிட்டது. அதற்கப்புறம் உலகம் முழுக்க அதே பேச்சுதான். 23-ம் தேதி வூர்ட்ஸ்பர்க்கில் கூட்டம் நிறைந்த அரங்கில் பேசும்போது, கோலிக்கர் என்ற 78 வயது உடற்கூறியல் பேராசிரியரை முன்னால் அழைத்து அவர் கையை அங்கேயே படம் எடுத்துக் காட்டினார். வாழ்நாளெல்லாம் எலும்பையும் தசையையும் ஆராய்ந்த அந்தப் பெரியவர் தன் கை எலும்பை அன்றைக்குத்தான் பார்த்தார்.

இப்போது உனக்கென்றே ஒரு பையன் கதை. அமெரிக்காவில் ஹேனோவர் என்ற ஊரில் எடி மெக்கார்த்தி என்று 14 வயதுப் பையன். உறைந்த ஆற்றின் மேல் சறுக்கி விளையாடும்போது விழுந்து இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. 1896 பிப்ரவரி 3-ம் தேதி, அவனைப் பக்கத்தில் இருந்த டார்ட்மத் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஒரு மருத்துவரும், அவருடைய சகோதரரான வானியல் பேராசிரியரும் சேர்ந்து கல்லூரியில் கிடந்த ஒரு குழாயை வைத்து 20 நிமிடம் கதிரைப் பாய்ச்சி எலும்பு முறிவைப் படம் எடுத்தார்கள். ராண்ட்ஜன் தபாலில் போட்ட நாளிலிருந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. உன் மணிக்கட்டுக்கு எடுத்த அதே படம்தான், ஏறக்குறைய 130 வருடத்துக்கு முன்னால்.

சரி, அந்தக் கதிர் உண்மையில் என்ன? அது ஒளிதான். நம் கண் பார்க்கும் ஒளியும் அதுவும் ஒரே குடும்பம். ஒளி அலை அலையாகப் போகிறது. இரண்டு அலை முகடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அலைநீளம் என்கிறோம். அதை அளக்க நானோமீட்டர் என்று ஓர் அளவு உண்டு, ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை உள்ள அலைகளை மட்டும்தான் நம் கண் பார்க்கும். வயலட்டிலிருந்து சிவப்பு வரை வானவில் முழுவதும் அதற்குள் அடக்கம். எக்ஸ் கதிரின் அலைநீளம் 10 நானோமீட்டரிலிருந்து 0.01 நானோமீட்டர் வரை. அவ்வளவு குட்டி அலையைப் பிடிக்கும் அமைப்பு நம் கண்ணில் இல்லை. அது அலைதான் என்பது 1912-ல்தான் உறுதியானது. ராண்ட்ஜன் அப்போது வேலை பார்த்த அதே மியூனிக் நகரத்தில், மாக்ஸ் ஃபான் லாவேயும் கூட இருந்தவர்களும் ஒரு படிகத்தின் வழியாக அந்தக் கதிரைச் செலுத்திக் காட்டினார்கள். ராண்ட்ஜன் முப்பட்டகத்தில் தேடிக் கிடைக்காமல் போனது, படிகத்தில் கிடைத்தது. அலை அவ்வளவு சிறியது என்பதால், அதை மடக்க அணுக்களே வரிசையாக நிற்கும் பொருள் தேவைப்பட்டது.

எலும்பு மட்டும் ஏன் தெரிகிறது? சதையில் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் இருக்கின்றன. அவற்றின் அணுக்களில் ஒன்று, ஆறு, எட்டு என்று கொஞ்சம் எலக்ட்ரான்கள்தான். எலும்பில் கால்சியமும் பாஸ்பரஸும் உண்டு. கால்சியத்தில் 20, பாஸ்பரஸில் 15. எலக்ட்ரான் கூடக் கூட எக்ஸ் கதிரை விழுங்கும் திறன் மளமளவென்று ஏறும். அன்னா பெர்த்தாவின் மோதிரம் ஏன் அவ்வளவு அழுத்தமாகப் பதிந்தது என்று இப்போது புரிகிறதா? தங்கத்தில் 79 எலக்ட்ரான். ஈயத்தில் 82, அதனால்தான் எக்ஸ்ரே அறைக் கதவில் ஈயத் தகடு வைக்கிறார்கள். ஆக, எக்ஸ்ரே படம் என்பது சுவரில் டார்ச் அடித்து விரலால் மான் காட்டுகிறோமே, அந்த மாதிரி ஒரு நிழல்தான். டார்ச் வெளிச்சத்தைத் தோல் நிறுத்துகிறது. இந்த வெளிச்சத்தை எலும்புதான் நிறுத்துகிறது. உன் படத்தில் எலும்பு வெள்ளையாக இருந்திருக்கும். கதிர் பட்ட இடம் கருப்பாகும், எலும்புக்குப் பின்னால் கதிர் அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை, அதனால் வெள்ளை.

ஆஸ்பத்திரி இயந்திரத்துக்குள் நடப்பதும் 1895-ல் நடந்ததுதான். எலக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு எதிலாவது மோதி நிற்கவைக்கிறார்கள். கண்ணாடிக்குப் பதிலாக இப்போது டங்ஸ்டன் என்ற உலோகம். மோதும் ஆற்றலில் நூற்றுக்கு ஒரு பங்குதான் எக்ஸ் கதிராக வருகிறது. மிச்சமெல்லாம் சூடு, அதனால்தான் எவ்வளவு காய்ந்தாலும் எளிதில் உருகாத டங்ஸ்டன்.

அம்மா, இது உங்களுக்கு. "அவ்வளவு துளைக்கிற கதிர் குழந்தை உடம்புக்குள் போய்விட்டதே" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மண், கல், வானம், நாம் சாப்பிடும் சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் இயற்கையாகவே நமக்குக் கதிர்வீச்சு வந்துகொண்டிருக்கிறது. உடம்பில் சேரும் கதிர்வீச்சை மில்லிசீவெர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் அளவு. மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.001 மில்லிசீவெர்ட் அளவு. அதாவது சும்மா வீட்டில் இருந்தாலே சில மணி நேரத்தில் கிடைப்பதுதான். மருத்துவர் தேவை என்று சொன்ன கை எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம். படம் எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அவர் தினமும், வருடக்கணக்கில், எத்தனையோ பேருக்கு எடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே நின்றால் அது சேர்ந்துகொண்டே போகும். சி.டி. ஸ்கேன் வேறு கணக்கு, அதில் அளவு பல மடங்கு அதிகம். அதை மட்டும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கவனம் நமக்குச் சும்மா வரவில்லை. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய்களைச் சோதிக்கத் தன் கையையே திரும்பத் திரும்ப நீட்டிவந்தார். கையில் புண் வந்தது, ஆறவில்லை, புற்றுநோயாகிக் கைகளை எடுக்க வேண்டிவந்தது. 1904-ல் இறந்தார். எடிசன் அதோடு எக்ஸ்ரே வேலையையே விட்டுவிட்டார். அந்தக் காலத்து மருத்துவர்களும் உதவியாளர்களும் இப்படிப் பலர் போனார்கள். அவர்கள் நினைவாக 1936-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர்களை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. குழந்தைகளுக்கு எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிட்டார்கள் என்பதைக் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

பாப்பா, மறுபடியும் உனக்கு. ராண்ட்ஜன் எப்படிப்பட்ட ஆள் என்று கொஞ்சம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு வாத்தியாரைக் கேலிச்சித்திரமாக யாரோ வரைந்துவிட்டார்கள். வரைந்தது ராண்ட்ஜன் இல்லை. யார் என்று சொல் என்றபோது அவர் காட்டிக்கொடுக்க மறுத்தார். பள்ளியைவிட்டே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சுவிட்சர்லாந்து போய், ஜூரிக் நகரத்தில் நுழைவுத்தேர்வு எழுதிப் படித்தார். அவருக்கும் அன்னா பெர்த்தாவுக்கும் பிள்ளை இல்லை. அன்னாவின் சகோதரர் மகளை, ஆறு வயதில், தங்கள் மகளாகத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1901-ல் நோபல் பரிசு என்று ஒன்று முதன்முதலாகக் கொடுத்தபோது இயற்பியலுக்கு இவருக்குத்தான் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். எக்ஸ் கதிருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெரிய பணக்காரராகியிருப்பார், வாங்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டார். உனக்கு எடுத்த எக்ஸ்ரேயில்கூட அந்தப் பெருந்தன்மைக்குப் பங்கு உண்டு.

அவர் தபாலில் அனுப்பிய செய்தியைக் கேட்டுத்தான் பாரிஸில் பெக்கரெல் என்பவர் தேட ஆரம்பித்து, அதே 1896-ல், மின்சாரமே இல்லாமல் யுரேனியம் தானாகவே ஒரு கதிரை விடுகிறது என்று கண்டார். அதைப் பிடித்துக்கொண்டு மேரி கியூரி போனார். நம் சென்னையிலும் ஒரு பெரிய வேலை நடந்தது. உன் எலும்பிலும் தோலிலும் கொலாஜன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்ட வடிவம் என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள். பார்த்தது எக்ஸ் கதிரை வைத்து. பார்த்த பொருள், சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கிய கங்காருவின் வால் தசைநார்!

இனி நீயே செய்து பார்க்க ஒன்று. வீட்டில் எக்ஸ் கதிர் வேண்டாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிர் உன் வீட்டில் இருக்கிறது. டிவி ரிமோட்டின் முன்முனையில் ஒரு குட்டி பல்ப் இருக்கும். பட்டனை அழுத்தினால் அதிலிருந்து அகச்சிவப்புக் கதிர் வரும். எக்ஸ் கதிருக்கு நேரெதிர், இதன் அலை நம் கண் பார்ப்பதைவிடப் பெரியது. அறையை இருட்டாக்கு. அம்மாவின் செல்போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகக் காட்டி அழுத்து. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மினுக் மினுக்கென்று தெரியும். சில புது டிவி ரிமோட்கள் புளூடூத்தில் வேலை செய்யும், அதில் தெரியாது. அப்படியானால் ஏசி ரிமோட்டை எடுத்துக்கொள்.

முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை அழுத்திப் பார். அப்போதும் மின்னினால் அது வேறு ஏதோ வெளிச்சம். மின்னாவிட்டால், பேட்டரியைப் போட்டுவிட்டு, ரிமோட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒவ்வொன்றாக வை. ஒரு தாள். இரண்டாக மடித்த தாள், நான்காக, எட்டாக. கண்ணாடி டம்ளர், தண்ணீர் ஊற்றாமல் ஒரு தடவை, ஊற்றி ஒரு தடவை. கருப்புக் கேரி பேக். எவர்சில்வர் தட்டு. அடிபடாத கையின் உள்ளங்கை. வைப்பதற்கு முன்னால் 'போகும்', 'போகாது' என்று நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம் அழுத்து. எது நீ எழுதியதற்கு மாறாக வருகிறதோ, அதை மறுபடியும் செய்து பார். என்ன வந்தது என்று அம்மாவிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்.